உள்ளே போடும் திறாங்கு

கடிதத்தை எழுதித் தர மறுத்ததில் உங்களுக்கு என்மேல் கோபம். அது எனக்குத் தெரியும். முரசுமோட்டைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நீங்கள். அறுபத்தைந்து தாண்டிய பிறகும் சந்தியில் கண்டால் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவீர்கள். அன்றைக்கு ஐந்து பேர் ஒன்றாக வந்து, என் விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டீர்கள். ரீச்சராக இருந்தவளின் எழுத்துத்தான் அரசாங்கக் கந்தோருக்குப் போக வேண்டும் என்றீர்கள். முத்து முத்தாக எழுதுவாள் என்று ஒருத்தி புகழ்ந்தும் வைத்தாள். புகழ்ச்சிக்கு மயங்கும் வயதெல்லாம் போய்விட்டது. மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, நெஞ்செரிவாக இருக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன்.

வாய்க்கால் ரோட்டில் நீலக் கேற் போட்ட வீட்டை வாடகைக்கு எடுத்து, புருஷனிடம் அடி தாங்காமல் ஓடி வந்த பெண்களை அங்கே தங்க வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டை எங்கள் ரோட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கடிதம். குமர்ப்பிள்ளைகள் இருக்கிற இடம், நாளைக்கு ஒருவன் வெறியில் வந்து நின்று கத்தினால் யார் பதில் சொல்வது என்று கேட்டீர்கள். கேட்டது முழுப்பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்படி ஒரு கடிதத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. நெஞ்செரிவு அன்றைக்குத் தொடங்கியது.

அது ஒரு சிறுபோகம். வயல் பழுத்து, சோளகக் காற்று மண்ணை அள்ளிக் கண்ணுக்குள் கொட்டும் காலம். ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, எங்கள் கிணற்றடியில் ஒரு பெண் குந்தியிருந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். பாதம் முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தண்ணீர் பட்டதும் பல்லைக் கடித்தாள். என்னைக் கண்டு சிரிக்க முயன்றாள். ஒரு பக்கத்து உதடு வீங்கியிருந்ததால் சிரிப்பு மற்றப் பக்கம் மட்டும் போனது.

அவள் அப்பாவின் ஒன்றுவிட்ட தமையனின் மகள். எனக்கு அக்கா முறை. ஆனையிறவில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கட்டியிருந்தாள். அவளும் அங்கேதான் கூலிக்குப் போனாள். அதனால் எங்கள் வீட்டில் அவளுக்கு உப்பளத்து அக்கா என்று பெயர். தாய் தகப்பன் இல்லை. அடி தாங்காமல் முதலில் யாழ்ப்பாணப் பக்கம் இருந்த தன் தமையன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். தமையன் ஒரு இரவு படுக்கவிட்டு, விடிய பஸ் ஏற்றித் திரும்ப அனுப்பியிருக்கிறார். இரண்டாம் முறை அந்தப் பக்கம் போகவில்லை. வன்னிப் பக்கம் வந்தாள். அவளுக்கு இருந்த கடைசி வீடு எங்களுடையது.

அவள் வெறுங்கையோடு வரவில்லை. சீலைத் தலைப்பில் முடிந்து, எனக்கென்று ஒரு உப்புக் கட்டி கொண்டு வந்திருந்தாள். நெல்லிக்காயளவு, மூலை மூலையாகக் கண்ணாடி மாதிரி. வெளிச்சத்தில் பிடித்தால் அதற்குள் ஒரு நீலம் தெரியும். ஓடி வருகிற அவசரத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்கு என்ன கொண்டு போகலாம் என்று யோசித்திருக்கிறாள். அப்போது நான் அதை ஒருதரம் நக்கிப் பார்த்துவிட்டு, மூடியில்லாத ஒரு மருந்துப் போத்தலில் போட்டு வைத்தேன்.

எங்கள் வீடு குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த சின்ன வீடு. இரண்டு அறை. ஒன்றில் நாங்கள் எல்லாரும். மற்றது நெல்லறை. அறுவடைக்கு முந்திய நாட்கள் என்பதால் அதில் விதைநெல்லும் கொஞ்சம் சாப்பாட்டு நெல்லும் மட்டுமே இருந்தன. சாக்குகளை ஒரு பக்கம் ஒதுக்கி, அம்மா அவளுக்குப் பாய் போட்டுக் கொடுத்தா. சாக்கு மணமும் எலிப்புழுக்கை மணமும் நெல்லுத்தூசியும் சேர்ந்து மூக்கை அரிக்கும் அறை அது. அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. கதவை மட்டும் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள். நெல்லறை என்பதால் கொண்டி வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் ஒன்றும் இல்லை.

பின்னேரம் அப்பா வயலால் வந்து கால் கழுவிவிட்டு இருந்ததும், அவள் கேட்டது ஒரேயொரு விஷயம். "சித்தப்பா, உள்ளுக்கு ஒரு திறாங்கு போட்டுத் தருவியளோ?"

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் அப்பாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கமக்காரர் கூட்டத்தில் அவர் எழும்பினால் மற்றவர்கள் இருந்துவிடுவார்கள். தண்ணீர் முறைக்கு மண்வெட்டி தூக்கிக்கொண்டு நின்றவர்களைக்கூட ஒரு வார்த்தையில் கலைத்து அனுப்பியவர். நல்ல மனிதர். எங்களை ஒருநாளும் கைநீட்டி அடிக்காதவர். "என்ர வீட்டில ஆர், பிள்ளை, வந்து கதவைத் தள்ளப் போறான்?" என்றார். திறாங்கு கேட்டது தன் வீட்டை நம்பாத பேச்சாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அவளும் விளங்கிக்கொண்டு, ஓம் சித்தப்பா என்று சொல்லி நிறுத்திவிட்டாள். இரண்டு திருகாணியும் ஒரு இரும்புத் துண்டும் போதும். வீட்டிலேயே கிடந்தன.

அவள் எங்களோடு பதினொரு நாள் இருந்தாள். அம்மாவுக்கு ஒத்தாசையாக எல்லாம் செய்தாள். மாவிடித்தாள், முற்றம் கூட்டினாள், எனக்குப் பேன் பார்த்தாள். அவள் விரல் நுனி அரம் மாதிரிக் கரகரக்கும், ஆனாலும் தலையில் பட்டால் நித்திரை வரும். உப்பு விளைகிற பாத்தியில் நின்றால் வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும் என்று சொல்வாள். புருஷனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் மட்டும் செய்துகொண்டிருக்கிற வேலையை விட்டுவிட்டு நெல்லறை வாசலுக்குப் போய் நிற்பாள். பஸ் போனதும் திரும்பி வருவாள். அதை நான் விளையாட்டாக எடுத்து, பஸ் வராதபோதும் "பஸ், பஸ்" என்று கத்தி அவளை ஓட வைத்தேன். இரண்டு முறை. அம்மா கண்டு என் தொடையில் கிள்ளினா. கிள்ளியது போதாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அவள் வந்த நாலாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டுக் கொப்பியும் பேனையும் எடுத்து வரச் சொன்னார். அப்பாவின் எழுத்து வயல்வரம்பு மாதிரி வளைந்து போகும். முக்கியமான கடிதம் என்றால் அவர் சொல்ல நான் எழுதுவேன். அதில் எனக்குப் பெருமை. அம்மா குசினி வாசலில் நின்று, அவளைக் கேட்காமல் எழுத வேண்டாம் என்றா. அப்பா ஆறுதலாகத்தான் பதில் சொன்னார். இன்னொருத்தன் பெண்சாதி எங்கள் வீட்டில் இருந்தால் அவனுக்கு அறிவிப்பதுதான் முறை, அறிவிக்காவிட்டால் ஒளித்து வைத்தது என்று கதை வரும், பிறகு அவளுக்குத்தான் கெட்டபெயர் என்றார். அம்மா உள்ளே போய்விட்டா. அதற்கு மறுமொழி உங்களில் யாரிடம் இருந்திருக்கும்?

கடிதம் எனக்கு இன்றைக்கும் பாடம். அன்புள்ள மருமகனுக்கு, உமது பெண்சாதி எங்கள் வீட்டில் சுகமாக இருக்கிறாள், நீர் கவலைப்படத் தேவையில்லை. வருகிற வெள்ளி, சனி இரு நாளும் எங்களுக்குச் சூடடிப்பு. வீட்டில் ஆண்கள் எவரும் நிற்கமாட்டோம், உம்மை முறையாக வரவேற்க முடியாமற் போகும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வாரும். மதியம் சாப்பிட்டு ஆறுதலாகக் கதைத்து நல்ல முடிவு எடுப்போம். இவ்வளவுதான். அப்பா இரண்டாந்தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நல்லது என்று தலையாட்டினார். நான் முகவரியின் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன்.

சூடடிப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் கண்டது ஒரே மிசின் வெட்டி, அடித்து, சாக்கில் கட்டுவதைத்தான். அந்தக் காலத்தில் வெட்டிய கதிரை வயலிலேயே சூடு என்கிற போராகக் குவித்து வைத்து, நாள் பார்த்துக் களத்தில் போட்டு அடிப்பார்கள். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். தேவையில்லாத பேச்சுக் கூடாது. பெண்கள் களத்துக்குள் கால் வைக்கக்கூடாது, வைத்தால் பொலி போய்விடும். மாட்டை விட்டு உழவு மிசினால் சூடடிக்கத் தொடங்கிய பிறகும் அப்பா இதில் ஒன்றையும் விடவில்லை. மிசினுக்கும் தேங்காய் உடைத்து, அதே முறைப்படிதான் ஏற்றினார்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் அம்மாவும் அக்காவும் நானும் மட்டும். களத்துக்குச் சோறு போய்விட்டது. மிசின் சத்தம் தூரத்தில் ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பஸ் வந்து நின்றது எங்கள் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அக்காவின் புருஷன் படலையைத் திறந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் நினைத்திருந்த ஆள் இல்லை. மெல்லியவர். தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட். கையில் ஒரு பிஸ்கற் பெட்டி. அதை என்னிடம் தந்தார். அம்மாவைப் பார்த்து, "மாமி, கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார். அம்மா செம்பை எடுக்கப் போனபோது என்னிடம் குனிந்து, அக்கா எங்கே என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் நெல்லறைக் கதவைப் பார்த்தேன்.

தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்து, செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு அவர் எழும்பினார். அம்மா குறுக்கே நின்று, ஞாயிற்றுக்கிழமை வரட்டாம், அப்பா வந்த பிறகு கதைக்கலாம் என்றா. அவர் அம்மாவைத் தொடவுமில்லை, சத்தம் போடவுமில்லை. சுற்றிக்கொண்டு போனார். அம்மா என்னை அங்கேயே நில் என்று சொல்லிவிட்டுக் களத்துக்கு ஓடினா.

அக்கா உள்ளே இருந்து கதவுக்கு முதுகால் முண்டுகொடுத்துக்கொண்டு நின்றாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அவள் சீலைக்கரை தெரிந்தது. ஒரு சாக்கை இழுத்து அணை வைக்கப் பார்த்திருக்கிறாள். சாக்கு வாய் அவிழ்ந்து நெல்லு நிலமெல்லாம் கொட்டிவிட்டது. அவர் தோளால் தள்ளினார். அவள் திரும்பத் தள்ளினாள். நெல்லுமணியில் அவள் கால் வழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கால் ஊன்றுவாள், வழுக்கும், திரும்ப ஊன்றுவாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கையில் பிஸ்கற் பெட்டி இருந்தது.

பிறகு அவர் அவளை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் அழவில்லை. கால் முழுக்க நெல்லு ஒட்டியிருந்தது. என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் திரும்பி வந்து கதவைச் சாத்தி, வெளிக் கொண்டியைச் சரியாக மாட்டிவிட்டுப் போனார்.

அம்மா களத்தடியில் நின்று கத்தியிருக்கிறா. மிசின் சத்தத்தில் கேட்கவில்லை. அப்பா கண்டிருக்கிறார். கண்டு, பொறு என்று கையைக் காட்டியிருக்கிறார். ஏறிய மிசினை நடுவில் நிற்பாட்டக்கூடாது. அம்மா களத்து விளிம்பில், ஒரு முழத்துக்கு இந்தப் பக்கம் நின்றா. உள்ளே போகவில்லை. அப்பா வந்து விஷயத்தைக் கேட்டு, வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பரந்தன் பக்கம் போகிற பஸ்ஸும் போய்விட்டது. உடம்பு முழுக்கத் தூசியோடு விறாந்தையில் கிடந்த கதிரையில் இருந்தார். அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியெல்லோ எழுதினனான்."

அவருக்கு அதுதான் விளங்கவில்லை. அடிக்கிறவன் என்பது அவருக்குத் தெரியும். முறை தெரியாதவன் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

அந்த முறை விளைச்சல் நன்றாக இருந்தது. ஏக்கருக்கு எவ்வளவு என்று சனங்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். பொலி போகவில்லை. அம்மா சாகும்வரை அதை நினைத்துக்கொண்டிருந்தா. "ஒரு கால் வைச்சிருந்தா என்ன" என்று அடுப்படியில் தனக்குத்தானே சொல்லுவா. கிடுகு பின்னும்போதும் சொல்லுவா. எதைச் சொல்கிறா என்று பிறத்தியாருக்குத் தெரியாது.

சூடடித்து, தூற்றி, நெல்லை வீடு சேர்த்த பிறகு அப்பா ஆனையிறவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நல்லாக இருக்கிறார்கள், மீன்குழம்பு வைத்துச் சோறு தந்தாள் என்றார். கையில் காயம் ஏதும் கண்டீர்களா என்று அம்மா கேட்டா. உப்பில் வேலை செய்கிற கையில் காயம் இல்லாமல் இருக்குமா என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போனார். தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் இவ்வளவு காலமும் யோசித்துவிட்டேன். அவரை எனக்கு நிறைய விருப்பம். அதனால் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு செய்தி வந்தது. குசினியில் விளக்குத் தட்டுப்பட்டுச் சீலையில் நெருப்புப் பிடித்ததாம். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாளாம். எல்லாம் "ஆம்" போட்ட செய்திதான், போடாத செய்தி எங்களுக்குக் கிடைக்கவேயில்லை. நான் போத்தலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மழை ஈரத்துக்கு உப்புக் கட்டி கரைந்து, அடியில் ஒரு கரண்டி தண்ணீர் நின்றது.

செத்தவீட்டுக்குப் போய் வந்த அடுத்த நாள் அப்பா வயலுக்குப் போகவில்லை. திருகாணியும் இரும்புத் துண்டும் எடுத்துக்கொண்டு நெல்லறைக்குள் போய், கதவின் உட்பக்கம் ஒரு திறாங்கு போட்டார். இரண்டுமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நெல்லுச் சாக்குக்கு உள்ளேயிருந்து பூட்டத் தெரியாது. அந்தத் திறாங்கை யாரும் ஒருநாளும் போடவில்லை. கடைசி யுத்தத்து இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை. சுவர் மட்டும் நின்றது. நிலையில் இரண்டு திருகாணி ஓட்டை இருந்தது. அதையும் இடித்துத்தான் மகன் இந்த வீட்டைக் கட்டினான்.

இனி உங்களிடம் வருகிறேன். நான் எழுதாவிட்டால் என்ன, கடிதம் நிற்குமா? கடையில் கொடுத்து அழகாக அச்சடித்து எடுத்தீர்கள். கந்தோர்களுக்கு ஒவ்வொரு பிரதி. ஒரு பிரதியை எல்லாரும் பார்க்கட்டும் என்று சங்கக்கடைச் சுவரில் ஒட்டினீர்கள். அதைப் படம் பிடித்துப் போனிலும் அனுப்பினீர்கள். எனக்கே மூன்று பேரிடமிருந்து வந்தது. வாய்க்கால் ரோட்டில், மூன்றாவது மதகுக்குப் பக்கத்தில், நீல நிறக் கேற் போட்ட வீடு. கந்தோருக்கு விளங்க வேண்டும் என்று அவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தீர்கள். அந்த வீட்டுக்கு வெளியே ஏன் ஒரு பெயர்ப்பலகையும் இல்லை என்று உங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. நீங்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் அப்பாவும் கெட்டவர் இல்லை.

நான் அந்த நீலக் கேற் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் வேன் நின்றது. பொறுப்பாக இருந்த பிள்ளை கடிதத்தைப் போனில் கண்டுவிட்டாள். எல்லாரையும் வேறு ஊரில் இருக்கும் வீட்டுக்கு மாற்றுகிறார்கள். அங்கே ஒரு இடம் குறைவாம். ஒருத்தி மட்டும் இரண்டு நாள் எங்கேயாவது நின்று சமாளிக்க வேண்டுமாம். கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் கேற்றடியில் என்னிடம் வந்தாள். தண்ணீரூற்று ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. "அன்ரி, உங்கட வீட்டில ரெண்டு நாளைக்கு ஒரு அறை தருவியளோ? உள்ளுக்குப் பூட்டக்கூடிய அறையெண்டால் காணும்."

என் அறைக் கதவில் உள்ளே திறாங்கு இருக்கிறது. பெரிய திறாங்கு. வீடு கட்டும்போது நானே நின்று போடுவித்தது. ஆனால் காணியும் வீடும் மகன் பெயரில். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாயால், வா என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. "மகனை ஒருக்காக் கேட்டுக்கொண்டு வாறன், பிள்ளை" என்றேன்.

மகன் நல்ல பிள்ளை. உங்களுக்கே தெரியும், ஊரில் எவருக்கு அவசரம் என்றாலும் அவனுடைய ஓட்டோதான் முதலில் போகும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். மறுக்கவில்லை. "ஓம் அம்மா, நிக்கட்டும்" என்றான். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பிறகு போனை எடுத்தான்.

"அவவின்ர புருஷன்ர நம்பரைக் கேட்டு வாங்குங்கோ. இஞ்ச சுகமா இருக்கிறா எண்டு முதல்ல ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வைச்சிருப்பம். ஒளிச்சு வைச்சதெண்டு நாளைக்குக் கதை வரக்கூடாது."

அவன் தாத்தாவைக் கண்டதே இல்லை. குரல் மட்டும் அப்படியே.

நான் கூடாது என்றேன். காரணம் சொன்னேன். சத்தமும் போட்டேன். அப்படியென்றால் வேண்டாம் அம்மா, எங்களுக்கு ஏன் வில்லங்கம் என்று சொல்லிவிட்டு அவன் சவாரிக்குப் போய்விட்டான். நான் என் கட்டிலில் இருந்து அந்தத் திறாங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரியாமல் கூட்டி வரலாமா என்று யோசித்தேன். யோசிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. பத்து வயதில் எனக்குத் தெரியாது என்றாவது சொல்லலாம்.

எழும்பிப் போனபோது நீலக் கேற் திறந்து கிடந்தது. வேனும் இல்லை, அவளும் இல்லை. குழந்தையோடு ஒருத்தி பஸ் தரிப்பில் நின்றதைக் கண்டதாகச் சங்கக்கடையில் சொன்னார்கள். உங்களில் இரண்டு பேர் அந்த நேரம் அங்கே நின்றிருக்கிறீர்கள். அவள் எந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள் என்று மட்டும் சொல்லுங்கள்.